மலையில்லா ஊரின் மலைச் சைக்கிள்

என்னிடம் 2007ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த மலைச் சைக்கிளொன்றை, சவளக்கடைச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவருக்கு அண்மையில் விற்றுவிட்டேன். விலை 20,000 ரூபா. அதுவும் ஒரே தடவையில் அல்ல. மாதம் 5,000 வீதம் நான்கு தவணை.

இந்தச் சின்ன வியாபாரம் இப்படியொரு விவாதப் பொருளாகும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. கொழும்பில் பழைய வாகனங்களைச் சேகரிக்கும் ஒருவர் அதற்கு 3 இலட்சம் ரூபா தருவதாகச் சொல்லியிருந்தமை நண்பர்கள் சிலருக்குத் தெரியும். ஆகவே ஒரு சாரார், "உமக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கின்றனர். மற்றொரு சாரார் அறநெறி பேசுகின்றனர். இனாமாக வந்த பொருளை ஓர் ஏழை மாணவனுக்கு இனாமாகவே கொடுக்காமல், அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒரு தொழிலாளியிடம் காசு வாங்கியது முறையா என்பது அவர்களது கேள்வி. இரு சாராரும் என் நலன் விரும்பிகளே. ஆயினும் இருவருமே சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் காசைப் பற்றியும் மற்றவர் புண்ணியத்தைப் பற்றியும் பேசுகின்றனர் என்பதே என் அபிப்பிராயம். சைக்கிளைப் பற்றி நான் பேசுகிறேன்.

மலைச் சைக்கிள் என்றதும் கல்முனைக் கடைத்தெருவில் வரிசையாக நிறுத்தியிருக்கும், தடித்த டயரும் பளபளக்கும் எழுத்துகளும் கொண்ட சீனச் சைக்கிள்கள் உங்கள் நினைவுக்கு வரலாம். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கிலாந்தில் தனியொருவர் தமது பட்டறையில் 1986ஆம் ஆண்டு செய்தது. வாங்குபவரின் கால் உயரமும் கை நீளமும் அளந்து, அதற்கேற்பக் குழாய்களை வெட்டி, ஒவ்வொரு மூட்டையும் பித்தளை உருக்கி ஒட்டி, அரத்தால் ராவி மெருகேற்றிய சட்டகம் அது. குழாய்கள் ரெனால்ட்ஸ் 531 எனப்படும் உருக்கு. பர்மிங்ஹாம் நகரத்துக் கம்பனியொன்று 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்த மங்கனீசு - மொலிப்டினம் கலந்த உருக்கு இது. பல தசாப்தங்களாக ஐரோப்பாவின் பந்தயச் சைக்கிள்கள் பல இதில் செய்யப்பட்டன. மிதிகட்டையின் அச்சு பொருந்தும் கூட்டின் அடியில், உளியால் அடித்த இலக்கங்கள் சற்றே கோணலாக இருக்கும். இயந்திரம் அடித்திருந்தால் நேராக இருந்திருக்கும். அந்தக் கோணலின் மீது எனக்கு ஒரு தனிப்பிரியம் இருந்தது.

அது எப்படி எங்களூருக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோளில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரை நெடுகிலும் வீடுகள் போயின. எஞ்சிய வீடுகளின் கிணறுகளில் கடல்நீர் நின்றது. அக்கிணறுகளை இறைத்துச் சுத்திகரிக்கும் பணிக்கு வந்த வெளிநாட்டவர்களுள் இங்கிலாந்துப் பொறியியலாளர் ஒருவரும் இருந்தார். மற்றவர்கள் குளிரூட்டிய வாகனங்களில் போய்வர, இவர் தமது ஊரிலிருந்து கொண்டுவந்த இந்தச் சைக்கிளில் கிணறு கிணறாகப் போவார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்குப் பழக்கமானார். 2007இல் நாடு திரும்பும்போது சைக்கிளை என் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, "ஓட்டுவதாயின் வைத்துக்கொள்" என்றார். விலை கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

ஓட்டினேன். கல்முனையிலிருந்து மேற்கே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு தாண்டினால் கிட்டங்கித் தாம்போதி. அதற்கப்பால் வயல்வெளி, பிறகு சவளக்கடை. இன்னும் போனால் அண்ணாமலை, நாவிதன்வெளி, மத்தியமுகாம். மலை என்று சொல்லத்தக்க எதுவும் இப்பாதையில் இல்லை. ஆனால் சேறு உண்டு. மாரியில் வயல் வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியாத வெள்ளம் உண்டு. அறுவடை முடிந்த பின் யானைகளும் உண்டு. செய்தி தேடி அந்தப் பக்கமெல்லாம் நான் போய்வந்தது பெரும்பாலும் இச்சைக்கிளில்தான். கிட்டங்கியில் உயரமான பாலமொன்று வேண்டும் என்று மக்கள் கேட்பதை எத்தனை தடவை எழுதினேனோ தெரியாது. எழுதுவதற்காகப் போனபோதெல்லாம் மிதித்தது இதைத்தான்.

பின்னர் முழங்கால் தேய்ந்தது. வைத்தியர் மிதிக்க வேண்டாம் என்றார். மூன்று ஆண்டுகள் சைக்கிள் விறாந்தையில் நின்றது. கடல் கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில் உருக்கு சும்மா நின்றால் என்னவாகும் என்பதை இக்கரையில் வாழ்வோருக்கு நான் விளக்கத் தேவையில்லை. யன்னல் கம்பி உதிர்கிறது. கதவுப் பிணைச்சல் வீங்கிப் பூக்கிறது. சைக்கிள் சட்டகமோ வெளியே பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். உப்புக் காற்று குழாய்க்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். இருக்கையைத் தாங்கும் அலுமினியத் தண்டு, அது செருகப்பட்டிருக்கும் உருக்குக் குழாயோடு உப்பின் உதவியால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் பிடித்தும்விட்டது. ஓடாத சைக்கிள் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவது உலர்ந்த நாட்டவர்களின் எண்ணம். இங்கே அது சாகிறது. ஆகவே பிரிவதா இல்லையா என்பது என் கேள்வியாக இருக்கவில்லை. யாரிடம் என்பதே கேள்வி.

கொழும்புச் சேகரிப்பாளரை நான் குறை கூறவில்லை. நாகரிகமான மனிதர். தொலைபேசியில் மூன்று தடவை கதைத்தார். ரெனால்ட்ஸ் வில்லை அசலா, இலக்கம் என்ன, பூச்சு முதற்பூச்சா, பற்சக்கரங்கள் அந்தக் காலத்தவையா என்றெல்லாம் விசாரித்தார். படங்கள் அனுப்பச் சொன்னார். சைக்கிள் எப்படி ஓடும் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை, ஏனெனில் அது ஓடப்போவதில்லை. சுவரில் இரண்டு கொக்கிகளில் தொங்கப் போகிறது. எங்கள் வாப்பா காலத்து ரலி சைக்கிள்களுக்கு நேர்ந்த கதி இதுதான். ஒரு காலத்தில் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் வரி கட்டி வில்லை வாங்க வேண்டிய, இரவில் விளக்கில்லாமல் ஓட்டினாலும் இருவர் ஏறினாலும் பொலிஸார் மறித்து வழக்கெழுதிய, குடும்பத்தின் முதற்சொத்தான வாகனம் அது. இன்று கொழும்பு உணவகங்களின் வாசலில் அதன் கூடையில் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். நொட்டிங்ஹாமில் அச்சைக்கிளைச் செய்த தொழிற்சாலையே 2002இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட பிறகு, பூச்சட்டி தாங்குவதாவது ஒரு வேலைதானே என்று வாதிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை.

அருங்காட்சியகமே வேண்டாம் என்பவனல்லன் நான். இவ்வகைச் சைக்கிள் பிறந்த கதையை அறிந்தால் எது அருங்காட்சியகத்துக்குரியது, எது இல்லை என்பது தெளிவாகும். கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில் தமல்பாய்ஸ் என்றொரு மலை இருக்கிறது. (பெயரில் தமிழ் ஒலித்தாலும் அதற்கும் நமக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை, ஆராய்ச்சியாளர்கள் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) அங்கே 1970களில் சில இளைஞர்கள், 1930கள் 40களில் செய்யப்பட்டுக் குப்பையாக ஒதுக்கப்பட்டிருந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில்லறைக் காசுக்கு வாங்கி, தேவையற்றதைக் கழற்றி எறிந்துவிட்டு, மண்பாதைகளில் மலையிலிருந்து கீழ்நோக்கி ஓட்டிக் களித்தனர். 1976 அக்டோபரில் அதுவே பந்தயமானது. பந்தயத்தின் பெயர் ரீபெக். அந்தச் சைக்கிள்களில் பின் சில்லின் குடத்துக்குள்ளேதான் பிரேக். மலை இறங்கி முடிவதற்குள் அது கொதித்து உள்ளிருக்கும் கிறீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னரும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அடைப்பு வேலையே பந்தயத்தின் பெயராயிற்று.

பழைய சட்டகங்கள் முறியத் தொடங்கவே, அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புதிய சட்டகம் ஒன்றைத் தம் கையால் செய்தார்; அடுத்த ஆண்டுக்குள் பத்துச் செய்து முடித்தார். 1979இல் கெரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டொம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் என்ற கம்பனி ஜப்பானில் தொகையாகச் செய்வித்து இறக்கியதோடு கைவேலை யுகம் ஏறத்தாழ முடிந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜெஃப் ஆப்ஸ் என்பவர், மலைக்காகவன்றித் தமது நாட்டுச் சேற்றுக்காகவே சைக்கிள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். கலிபோர்னியர்களுக்குப் பின்லாந்தின் பனிக்காலத் தடித்த டயர்களை அனுப்பி அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். என்னிடமிருந்த சைக்கிளைச் செய்தவர் இவரல்லர். ஆனால் சேற்றை நினைத்துச் செய்த கை அதிலும் தெரிந்தது.

ஜோ பிரீஸ் செய்த முதல் மலைச் சைக்கிள் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நியாயம். முதலாவது என்பது ஒன்றுதான் இருக்க முடியும்; அது உடைந்தால் உலகுக்கே இல்லாமற்போகும். என் சைக்கிள் முதலாவதுமன்று, பத்தாவதுமன்று. அக்காலத்தில் பல சிறு பட்டறைகள் செய்த நல்ல சைக்கிள்களில் ஒன்று. அதனைச் சுவரில் தொங்கவிட்டுக் காப்பாற்றப்படும் வரலாறு எதுவுமில்லை. குப்பையிலிருந்து எடுத்துக் கழற்றிப் பூட்டி ஓட்டியவர்களால் உருவான ஒரு வாகன வகையை, யாரும் தொடக்கூடாத பொருளாக்குவதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது.

இனி அறநெறிக்காரர்களிடம் வருகிறேன். ஏழை மாணவனுக்கு இனாமாகக் கொடுத்திருக்கலாமே என்கிறார்கள். அந்த மாணவனை நான் அறிவேன், அவன் ஒருவனல்லன். சவளக்கடைப் பக்கமிருந்து கல்முனைப் பாடசாலைகளுக்கும் பிரத்தியேக வகுப்புகளுக்கும் மிதித்துவரும் பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன். அவர்களுக்குத் தேவை, பின்னால் புத்தகப் பை வைக்கக் கரியர் உள்ள, உடைந்தால் தெருவோரத்தில் திருத்தக்கூடிய சாதாரண சைக்கிள். மூன்று ஆண்டுகள் உப்பில் நின்ற, இருக்கைத் தண்டு அசையாத, பின் பிரேக் கம்பி அறுந்த ஒன்றைக் கொடுத்து, "இது சீமைச் சாமான், கவனமாக வைத்துக்கொள் மகன்" என்று சொல்வது உபகாரமல்ல. ஒரு பாரத்தைத் தலைமாற்றுவது.

இனாம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு இனாமாகத் தந்தவர் விமானமேறிப் போய்விட்டார். சைக்கிளை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று பார்க்க அவர் வரமாட்டார். ஆனால் நான் இங்கேயே இருப்பவன். நான் இனாமாகக் கொடுத்தால் அது எந்நாளும் "காக்கா தந்த சைக்கிள்" ஆகவே இருக்கும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கண் அதன்மீது விழும். பெற்றவர் அதில் ஓர் ஆணியை மாற்றுவதற்கும் என் முகத்தை நினைப்பார். விற்க நேர்ந்தால் ஒளித்து விற்பார். நம்மூர்களில் தருமம் செய்த பொருள்களுக்கெல்லாம் நேர்வது இதுதான். கடற்கோளுக்குப் பின் படகு கொடுத்தவர்கள் படகில் தம் பெயரை எழுதிக் கொடுத்ததை நாம் மறக்கவில்லை. விலை பேசி வாங்கிய பொருளில் அப்படியொரு கயிறு கிடையாது. 20,000 ரூபா அச்சைக்கிளின் பெறுமதியன்று; இளைஞரால் தரக்கூடிய, என்னால் கூசாமல் வாங்கக்கூடிய தொகை. அதனைத் தந்து முடித்ததும் சைக்கிள் முழுவதும் அவருடையது. அதனை அவர் நாளையே கொழும்புக்காரருக்கு 3 இலட்சத்துக்கு விற்றாலும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். கொழும்புக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

ஏன் இவர் என்பதற்கு வருகிறேன். இருக்கைத் தண்டு இறுகியிருந்ததல்லவா? கல்முனையில் இருவரிடம் காட்டினேன். ஒருவர் அறுக்க வேண்டும் என்றார். மற்றவர் சுத்தியல் எடுத்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சவளக்கடை இளைஞர் அவசரப்படவில்லை. சட்டகத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக மாறிய குழாயின் துவாரத்தினூடாக மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து வார்த்து நான்கு நாள்கள் விட்டார். ஐந்தாம் நாள் தண்டின் தலையை மேசைக் குறட்டில் இறுக்கி, தண்டைத் திருகாமல் சட்டகத்தையே நெம்புகோலாக்கிச் சுற்றினார். முதலில் ஒரு சத்தம் வந்தது. ஏதோ முறிந்துவிட்டதென்று நினைத்தேன். பிடி விட்ட சத்தம் அது. வெளியே வந்த தண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

அதன் பின்னர்தான் அவர் சட்டகத்தைப் பார்த்தார். வில்லையைப் பார்க்கவில்லை, அவருக்கு ரெனால்ட்ஸ் என்பது ஒரு பெயர்கூட அல்ல. மூட்டுகளில் விரலை வைத்து நீவினார். "இத மெசினுல ஒட்டல்ல காக்கா. ஒருத்தன் குந்தியிருந்து பித்தள வெச்சி ஒட்டியிரிக்கான். எங்கட அப்பாவும் இப்பிடித்தான் ஒட்டுவார்" என்றார். அவரது தந்தையார் எரிவாயுச் சுவாலையில் பித்தளைக் கம்பி உருக்கி உழவு இயந்திரப் பாகம் முதல் சைக்கிள் வரை ஒட்டியவர். மகனும் அவரிடமே கற்றார். 531 உருக்கை மின்சாரப் பற்றவைப்பால் இணைப்பது உகந்ததன்று, வலு குறைந்துவிடும். தாழ்ந்த வெப்பத்தில் பித்தளை ஒட்டுத்தான் அதற்குரியது. இங்கிலாந்தின் பட்டறைக்காரர் செய்ததும் சவளக்கடைச் சந்தியில் அந்தத் தந்தை செய்ததும் ஒரே வேலைதான். கொழும்பு சேகரிப்பாளர் வில்லையைக் கேட்டு அறிந்ததை, இவர் விரலால் தொட்டு அறிந்தார். அந்தக் கணத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

தொழில்நுட்பம் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும், ஏனெனில் 'சீமைச் சைக்கிளுக்கு இங்கே உதிரிப்பாகம் கிடைக்காது' என்று பலரும் சொல்கிறார்கள். விநோதம் என்னவெனில் நிலைமை தலைகீழ். மிதிகட்டை அச்சுக்கூட்டின் புரியும் பின் பற்சக்கரத்தின் புரியும் ஆங்கில அளவில் வெட்டப்பட்டவை: அங்குலத்துக்கு 24 புரி. கல்முனைக் கடையில் விற்கும் மலிவான சீன அச்சும் அதே 24 புரிதான், நேராகப் பொருந்துகிறது. சில்லு 26 அங்குலம். மேலைநாடுகளில் புதிய மலைச் சைக்கிள்கள் இருபத்தேழரைக்கும் இருபத்தொன்பதுக்கும் மாறிவிட்டன. அங்கே 26 அங்குலம் பழையவர்களின் அளவாகிவிட்டது. இங்கே எந்தச் சந்தியிலும் 26 அங்குல டயர் தொங்குகிறது. புதிய பின்சில்லு சற்று அகலமாக இருந்தால் உருக்குக் கவையைச் சில மில்லிமீற்றர் விரித்துக்கொள்ளலாம், உருக்கு பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் பொறுக்காது. கார்பன் வெடிக்கும். ஆக, இந்தச் சைக்கிள் இன்னும் முப்பது ஆண்டுகள் ஓடுவதற்கு உலகில் உகந்த இடம் எது என்று கேட்டால், இலண்டனைவிட நான் சவளக்கடையைச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: அங்கே அதனை ஒட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

என்னுடைய கவலை அங்கேதான். சைக்கிள் திருத்துபவர்கள் குறைந்து வருகிறார்கள். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகியதோடு சந்திக்குச் சந்தி இருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழில் தெரிந்தவர்கள் மத்திய கிழக்குக்குப் போயினர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது? ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த எவருக்கும் பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. வரிசைகளில் நாள்கணக்காக நின்றவர்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த சைக்கிள்களை நினைத்துக்கொண்டார்கள். இரும்புக்கு விற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். புதிய சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பழையவையும் களவு போகத் தொடங்கின. சைக்கிள் இருந்தவர்களுக்கும் அதனைத் திருத்துவார் இல்லை. கட்டார் போகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்த இந்த இளைஞர் போகாமல் நின்றது அந்த மாதங்களில்தான். தந்தையின் கடையை மீண்டும் திறந்தார்; காலை ஆறு மணிக்கே சைக்கிள்கள் வரிசையில் நின்றனவாம். பெற்றோல் திரும்பி வந்தது, வரிசை கலைந்தது. அவர் கடையை மூடவில்லை. இதனை நான் பெரிய விடயமாகக் கருதுகிறேன்.

யாழ்ப்பாணத்தார் இதனை நம்மிலும் நன்கறிவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அக்காலத்தில் அங்கே சைக்கிள் திருத்துபவருக்கு இருந்த மதிப்பு வைத்தியருக்கு அடுத்தபடியானது என்று அங்கிருந்த பத்திரிகை நண்பர்கள் சொல்வார்கள்.

இளைஞர் அச்சைக்கிளை என்ன செய்யப்போகிறார் என்பதையும் கேட்டறிந்தேன். விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அண்ணாமலை, வேப்பையடி, மத்தியமுகாம் பக்கங்களில் வயல் நடுவே உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் பழுதாகி நின்றால் அவரை அழைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் போகாத வரம்புகளில் போவதற்கு இது உதவும் என்கிறார். அதற்காகப் பின்னால் ஒரு கரியர், ஆயுதப் பெட்டி வைக்க ஒரு தட்டு, சேறு தெறிக்காதிருக்க மட்காட், நிறுத்துவதற்கு இரட்டைக்கால் ஸ்டாண்ட். இவற்றைப் பூட்டுவதற்குரிய காதுகள் சட்டகத்தில் இல்லை. பித்தளை வைத்துத் தாமே ஒட்டப்போகிறார். இதனைக் கேட்ட சேகரிப்பாளர் தொலைபேசியில் சற்று நேரம் பேசவில்லை. 1986ஆம் ஆண்டுப் பூச்சின் மீது சுவாலை படுவது அவருக்கு ஒரு மரணச் செய்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பொருள்களை அவற்றைச் செய்தவர்களைவிடப் பாவிப்பவர்களே நன்றாக விளங்கிக்கொள்வதுண்டு. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் பழகினர். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதனை உலகறியச் செய்தார். பெண்களுக்கென்று குறுக்குத்தண்டு இல்லாமல் செய்த சைக்கிள்களுக்கு அங்கே தட்டுப்பாடு வந்ததும் அவர்கள் ஆண்களின் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதனையே பிறகு விரும்பவும் செய்தார்கள். ஏனென்றால் அந்தத் தண்டில் பிள்ளையை உட்கார வைக்கலாம். எந்தக் கம்பனியின் வடிவமைப்பாளருக்கும் தோன்றாத காரணம் அது.

கடைசியாக, சில்லறைக் கணக்குகள். முதல் தவணை 5,000 ரூபா கைக்கு வந்துவிட்டது. கழற்றிய பழைய பற்சக்கரங்களையும் வளைந்த பிரேக் பிடிகளையும் பிஸ்கட் தகரமொன்றில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். கொழும்புக்காரருக்கு அவை தேவைப்பட்டால் அங்கே விசாரிக்கட்டும். இங்கிலாந்துப் பொறியியலாளருக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். சேற்றில் ஓடுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார். ஓடும் என்று எழுதப் போகிறேன்.

ஒட்டு வேலை முடிந்ததும் சட்டகத்துக்குப் புதுப்பூச்சு அடிக்க வேண்டும். என்ன நிறம் என்று தம்பியிடம் கேட்டேன். பச்சை என்றார். அதுவும் உழவு இயந்திரப் பச்சை. கடையில் அரை டின் மிச்சமிருக்கிறதாம். எனக்கு அந்தப் பச்சை அறவே பிடிக்காது.